நடக்காத கொலைகள், இருக்கின்ற முகவரிகள்

(ஆசிரியர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், "லீவுக்கு எங்கே போனீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்பது நம் எல்லோருக்கும் வழக்கம். இந்த ஆண்டு என்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முந்திக்கொண்டு என்னைக் கேட்டுவிட்டார்கள். நானும் யோசிக்காமல், "கொலை நடந்த இடமெல்லாம் பார்த்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கப்சிப். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி மட்டும் எழுந்தாள். "நிஜமா நடந்ததா டீச்சர், இல்ல கதையா?" கதைதான் என்றேன். "கதைன்னா அங்க போய் என்னத்த பாத்தீங்க?"

நல்ல கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இன்றைக்கு உங்கள் முன்னால் அதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் போனது சுவீடனுக்கு. என் மகள் அங்கே லுண்ட் என்ற பல்கலைக்கழக நகரத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று ஆண்டுகளாக "வாங்கம்மா, வாங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் போக மனம் வைத்ததற்கு மகள் பாதிக் காரணம், துப்பறியும் நாவல்கள் மீதிக் காரணம். இதை அவளிடமே சொல்லியிருக்கிறேன், அதனால் இங்கே சொல்வதில் தப்பில்லை.

சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளின் குற்றக்கதைகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நாம் சிறு வயதில் வாசித்த துப்பறியும் கதைகளின் வேகம் இவற்றில் இருக்காது. துப்பறிபவர் பெரும்பாலும் ஒரு சாதாரணப் போலீஸ்காரர். தூக்கம் கெட்டவர், சர்க்கரை நோயாளி, மனைவி பிரிந்து போனவர். விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நிம்மதி வராது. ஏனென்றால் கதை ஆரம்பத்தில் இருந்தே வேறொன்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். எல்லாருக்கும் கல்வி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் கொடுக்கிற ஒரு நாட்டில் இந்த ஆள் எப்படி இப்படி ஆனான்?

இந்தக் கதைகளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. தெருப் பெயரோடு, வீட்டு எண்ணோடு எழுதுவார்கள். அந்தத் தெரு வரைபடத்தில் இருக்கும். ரயிலேறிப் போனால் அந்த எண்ணுள்ள கதவும் இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அது போதாதா!

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் இறங்கியதுமே ஆரம்பமாகிவிட்டது. அங்கிருந்து சுவீடனுக்கு ரயிலில் ஓரேசுண்ட் கடல் நீரிணையைக் கடக்க வேண்டும். ரயில் முதலில் கடலுக்கு அடியில் சுமார் 4 கிலோமீட்டர் சுரங்கத்தில் போகிறது. பிறகு மனிதர்கள் கட்டிய ஒரு தீவில் மேலே வருகிறது. அதற்குப் பின் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளப் பாலம். 2000 ஜூலையில் திறந்த பாலம் அது. மேல் தளத்தில் கார்கள், கீழ்த் தளத்தில் ரயில். 2011 இல் வந்த 'பாலம்' என்ற தொலைக்காட்சித் தொடர் இங்கேதான் தொடங்குகிறது. இரு நாட்டு எல்லைக்கோட்டின் மேல் ஒரு சடலம், பாதி சுவீடனில், பாதி டென்மார்க்கில். எந்த நாட்டுப் போலீஸ் விசாரிப்பது? அந்த எல்லைக்கோட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரும்புச் சட்டங்களும் அவற்றுக்கு நடுவில் சாம்பல் நிறக் கடலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. "எப்பம்மா பார்டர் வரும்?" என்று மகளைக் கேட்டேன். "அது போயி அஞ்சு நிமிஷம் ஆச்சு" என்றாள்.

அந்த வார இறுதியில் யூஸ்டாட் போனோம். அந்த ஊர்க்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'யூஸ்தா' என்கிறார்கள். சுவீடனின் தென்கோடியில், ஸ்கோனே வட்டாரத்தில், பால்டிக் கடலோரத்தில் இருக்கிறது. மால்மோவில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சுமார் 20,000 பேர் வசிக்கும் சிறு நகரம். போலந்துக்கும் டென்மார்க்கின் போர்ன்ஹோல்ம் தீவுக்கும் இங்கிருந்து கப்பல் போகிறது. மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள், உருளைக்கல் பாவிய சந்துகள், வாசலில் ரோஜாச் செடிகள்.

இந்த ஊரில்தான் ஹென்னிங் மான்கெல் தன் இன்ஸ்பெக்டர் குர்ட் வாலண்டரைக் குடிவைத்தார். முதல் நாவல் 1991 இல் வந்தது. பிறகு எத்தனை கொலைகள்! தலையைக் கோடரியால் பிளந்த கொலை, கூர்மையான மூங்கில் கழிகள் நட்ட பள்ளத்தில் விழுத்தாட்டிய கொலை, கடலில் மிதந்து கரை சேர்ந்த ரப்பர்ப் படகில் இரண்டு பிணங்கள். நேரில் போய்ப் பார்த்தால், சாலையைக் கடக்க நாம் காலெடுத்து வைக்கும் முன்பே கார்கள் நின்றுவிடுகிற ஊர்.

சுற்றுலா அலுவலகம் இதை நன்றாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. வாலண்டரின் தடங்களைக் காட்டும் வரைபடம் வெளியிட்டார்கள். அவர் வீடு மரியா தெரு 10 ஆம் எண். போய் நின்றோம். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. சாதாரண அடுக்குமாடிக் குடியிருப்பு, சைக்கிள்கள், குப்பைத் தொட்டிகள். உள்ளே உண்மையான மனிதர்கள் வசிக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மானியத் தம்பதி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். நாங்களும் வெட்கப்பட்டோம். இல்லாத ஒரு மனிதரின் வீட்டு வாசலில் நான்கு பேர் சந்தித்துக்கொண்டால் வேறு என்ன செய்வது? அவர் வழக்கமாகப் போகும் ஃப்ரிடோல்ஃப் பேக்கரியில் அவர் பெயரில் ஒரு கேக் விற்கிறார்கள். சர்க்கரை நோயாளி பெயரில் கேக்! மகளும் நானும் ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

இரவு ஒரு காரியத்துக்காகக் காத்திருந்தோம். புனித மரியா தேவாலயக் கோபுரத்தில் ஒரு காவல்காரர் இருக்கிறார். இரவு 9.15 மணியில் இருந்து நள்ளிரவு தாண்டும் வரை கால் மணிக்கு ஒருமுறை நாலு திசைக்கும் கொம்பு ஊதுவார். ஊர் எரியவில்லை, எல்லாம் நலம் என்று அதற்கு அர்த்தம். மரவீடுகள் நிறைந்த ஊருக்குத் தீதான் பெரிய எதிரி. பல நூற்றாண்டுகளாக நடக்கும் வழக்கம் அது. மே மாதக் கடைசி என்பதால் 9.15 மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கரகரத்த குரலில் ஒரு மாடு கூப்பிடுகிற மாதிரி சத்தம் வந்தது. நாவல்களில் கொலை மேல் கொலையாக விழும் ஊரில், நிஜத்தில் ஒரு மனிதர் தினமும் 'எல்லாம் நலம்' என்று ஊதிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த இரவு அதிகம் தூக்கம் வரவில்லை.

மறுநாள் நடந்ததைத்தான் நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மான்கெல் ஆண்டின் பெரும் பகுதியை ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கில், நாடகக்காரராகக் கழித்தவர். 1980களின் கடைசியில் சுவீடனுக்குத் திரும்பியபோது, அந்நியர் மீதான வெறுப்பு தன் நாட்டில் வளர்ந்திருப்பதைக் கண்டார். அதை எழுத வேண்டும் என்று நினைத்தார். இன வெறுப்பு ஒரு குற்றம், குற்றத்தைப் பற்றி எழுதக் குற்றக்கதைதான் பொருத்தம் என்று முடிவு செய்தார். அப்படிப் பிறந்ததுதான் வாலண்டரின் முதல் கதை. யூஸ்டாட் பக்கத்தில் ஒரு தனித்த பண்ணை வீட்டில் முதிய விவசாயத் தம்பதி கொடூரமாகத் தாக்கப்படுகிறார்கள். கணவர் இறந்துவிடுகிறார். மருத்துவமனையில் மனைவி உயிர் போகும் முன் ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறார். 'அந்நிய' என்ற பொருள் தரும் சொல். அது எப்படியோ பத்திரிகைக்குப் போய்விடுகிறது. அகதி முகாமுக்குத் தீ வைக்கிறார்கள். கொலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சோமாலிய அகதி, சாலையில் நடந்துபோகும்போது சுடப்பட்டுச் சாகிறார். முதியவர்களைக் கொன்றது யார் என்பது ஒரு விசாரணை. அந்த ஒரு சொல் என்னென்ன செய்தது என்பது இன்னொன்று. வாலண்டர் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்.

இந்தக் கதையை நான் இங்கே நம் ஊரில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாசித்தேன். அந்த அகதி எனக்கு ஒரு கதாபாத்திரம். அவ்வளவுதான்.

அன்று காலை கோசெபெர்யா என்ற மீனவக் கிராமத்துக்குப் பேருந்தில் போனோம். கடலை ஒட்டிய மேட்டில் 59 பெருங்கற்களைக் கப்பல் வடிவில் நட்டு வைத்திருக்கிறார்கள். 67 மீட்டர் நீளம், சுமார் 1,400 ஆண்டு பழமை. மாடுகள் பக்கத்திலேயே மேய்கின்றன. அதைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசலாம், ஆனால் அது இன்னொரு நாளைக்கு. அங்கிருந்து திரும்பும்போது, கொஞ்ச தூரம் வயல் வழியே நடக்கலாம் என்றேன். கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள். ரேப் என்ற எண்ணெய் வித்துப் பயிர், நம் கடுகின் குடும்பம்தான். வாலண்டரின் இன்னொரு கதை இப்படிப்பட்ட ஒரு மஞ்சள் வயலில்தான் தொடங்குகிறது. ஓர் இளம்பெண் அவர் கண் முன்னாலேயே தீக்குளிக்கிறாள். அவளும் வெளிநாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டவள்.

வயலுக்கு நடுவே தனியாக ஒரு பண்ணை வீடு. வெள்ளைச் சுவர், பெரிய முற்றம், ஒற்றை மரம். கதையில் வரும் வீடு இது என்று சொல்ல முடியாது. ஆனால் நான் மனதில் கட்டி வைத்திருந்த வீடு அப்படியே இதுதான். செல்பேசியை எடுத்து வாயிற்கதவுக்கு அருகே போய்ப் படம் எடுக்க ஆரம்பித்தேன். ஒரு படம், இரண்டு படம். ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வெளியே வந்தார். பின்னால் ஒரு நாய்.

அவர் எங்களை நோக்கி நடந்து வர அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த அரை நிமிடத்தில் என்னை நானே வெளியில் இருந்து பார்த்தேன். தனித்த வீடு. வாசலில் கறுத்த நிறத்தில் இரண்டு பேர். ஒருத்தி வீட்டைப் படம் எடுக்கிறாள். எனக்கு அந்தக் கதை முழுக்கத் தெரியும். அதில் நான் எந்தப் பாத்திரம் என்பதுதான் அதுவரை தெரியவில்லை.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் வாயைத் திறக்கும் முன் என் மகள் சுவீடிஷ் மொழியில் பேசினாள். 'வாலண்டர்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அவர் முகம் தளர்ந்தது. கையால் ஊர்ப் பக்கம் காட்டி ஏதோ சொன்னார். தவறான ஊருக்கு வந்துவிட்டீர்கள், இங்கே யாரும் இன்னும் சாகவில்லை என்றாராம். நாயும் வாலாட்டியது. நன்றி சொல்லிவிட்டு நடந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் தவறாக ஒன்றும் செய்யவில்லை. அடுத்தவர் வீட்டைக் கேட்காமல் படம் எடுத்தது நான்தான்.

திரும்பும் ரயிலில் மகளிடம் சொன்னேன், "நீ அந்தப் பாஷை பேசினது நல்லதாப் போச்சு." அவள் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "வேகமாப் பேசக் கத்துக்கிட்டதே அதுக்குத்தாம்மா."

வந்த முதல் குளிர்காலத்தில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறாள். தொலைபேசியில் சரி என்றவர்கள், நேரில் பார்த்ததும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்களாம். மறுவாரமும் அதே விளம்பரம் இருந்திருக்கிறது. அலுவலகத் தோழி ஒருத்தி தன் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார்களாம். இப்படி இரண்டு முறை. கடைசியில் வீடு கொடுத்தவரும் சுவீடன் நாட்டுக்காரர்தான். தங்கமானவர். முதல் மாதம் விளக்கு, போர்வை எல்லாம் அவரே கொண்டுவந்து கொடுத்தவர். இதையும் அவளே சொன்னாள்.

"ஏன்டி என்கிட்ட அப்பவே சொல்லல?"

"சொன்னா திரும்பி வான்னு அழுவீங்க."

வாரத்துக்கு மூன்று நாள் வீடியோவில் பேசுகிறோம். சாப்பிட்டாயா, குளிருக்குச் சட்டை போட்டாயா என்று கேட்டிருக்கிறேன். அவள் நடமாடும் அந்த மண்ணைப் பற்றி ஒரு நாவலாசிரியர் எழுதிய பத்துப் புத்தகங்களை வரி விடாமல் வாசித்திருக்கிறேன். அந்த மூன்று ஆண்டில் ஒருமுறைகூட, "உன்னை அங்கே எப்படி நடத்துறாங்க?" என்று கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. நாவல் சொன்னது நாவலோடு இருந்தது, மகள் மகளாக இருந்தாள்.

சரி, ஊர் சுற்றிய கதைக்கு வருகிறேன்.

ஸ்டாக்ஹோம் போகும் வழியில் மோட்டாலா என்ற ஊரில் ஒரு பகல் இறங்கினோம். மாய் ஷோவால், பெர் வாலோ என்ற இணையர் 1965 முதல் 1975 வரை மார்ட்டின் பெக் என்ற போலீஸ்காரரை வைத்துப் பத்து நாவல்கள் எழுதினார்கள். குழந்தைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். வீட்டில் சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு வினாத்தாள் திருத்துகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு நூலுக்கும் 30 அத்தியாயம், மொத்தம் 300. பத்தும் சேர்ந்து ஒரே பெரிய நாவல், அதற்கு 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொதுப் பெயர். அந்தக் குற்றம் எது தெரியுமா? மக்கள் நல அரசு தன் ஏழைகளைக் கைவிட்டது என்கிறார்கள் அவர்கள். இடதுசாரிகள். சில இடங்களில் பிரசாரம் தூக்கலாகவே இருக்கும். ஆனாலும் மான்கெலுக்கும் இன்று எழுதுகிற பலருக்கும் வழி போட்டவர்கள் இவர்கள்தான்.

முதல் நாவல் மோட்டாலாவுக்கு அருகே போரென்ஷூல்ட்டில் தொடங்குகிறது. 190 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டா கால்வாயில் 58 மதகுப்பூட்டுகள் இருக்கின்றன. படகு ஒரு தொட்டிக்குள் வந்து நிற்கும், கதவை மூடித் தண்ணீரை ஏற்றி இறக்கி அடுத்த மட்டத்துக்கு அனுப்புவார்கள். போரென்ஷூல்ட்டில் இப்படி ஐந்து தொட்டிகள் படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே தூர்வாரும் இயந்திரம் ஒரு பெண்ணின் உடலைத் தூக்குகிறது. அவள் யார் என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகிறது. எழுத்தாளர்கள் இந்தக் கால்வாயில் படகில் போனபோது, மேல்தளத்தில் ஒரு அமெரிக்கப் பெண் தனியாக நின்றிருந்தாராம். அவரைப் பார்த்துத்தான் கதை தோன்றியதாம். பாவம், அந்தப் பெண்ணுக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

நாங்கள் போனபோது ஒரு குடும்பம் சிறு படகில் மேலேறிக்கொண்டிருந்தது. கதவு திறக்க, மூட, நீர் ஏற எல்லாம் நிதானம். முதல் தொட்டியில் இருந்து ஐந்தாவது போவதற்குள் நாங்கள் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். அந்த நாவல் ஏன் அவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று வாசிக்கும்போது சலித்துக்கொண்டேன். அந்தக் கரையில் உட்கார்ந்தபோது சலிப்பு வரவில்லை.

ஸ்டாக்ஹோமில் எல்லாரும் தேடுவது ஸ்டீக் லார்சனின் இடங்களை. வலதுசாரித் தீவிரவாதத்தை ஆராய்ந்த பத்திரிகையாளர் அவர். மூன்று தடித்த நாவல்களை முடித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றுகூட அச்சில் வருவதற்குள், 2004 இல் 50 வயதில் இறந்துபோனார். நாயகன் புளூம்க்விஸ்ட்டின் வீடு பெல்மன் தெரு 1, நாயகி சலாண்டரின் வீடு ஃபிஸ்கார் தெரு 9. இரண்டும் சோடெர்மால்ம் தீவில் இருக்கின்றன. இரண்டையும் பார்த்தோம், மேட்டில் இருந்து ஏரியும் நகரமும் அழகு. ஆனால் முதல் நாவலின் பயங்கரங்கள் நடக்கும் ஹெடெஸ்டாட் என்ற ஊரை வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. குடியிருக்கும் வீட்டுக்கு உண்மையான எண் கொடுத்தவர், ஒரு பணக்காரக் குடும்பம் பெண்களைச் சித்திரவதை செய்யும் ஊருக்கு மட்டும் பொய்ப் பெயர் வைத்திருக்கிறார். எந்த ஊராகவும் அது இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த நாவலின் சுவீடிஷ் தலைப்புக்கு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பொருள். ஆங்கிலத்தில் அதை மாற்றி, ஒரு பெண்ணின் முதுகில் இருக்கும் பச்சையைத் தலைப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

கடைசி நாள் இரண்டு இடங்களுக்குப் போனோம். ஒன்று ரிட்டர்ஹோல்மன் தேவாலயம். சுவீடன் மன்னர்களை அடக்கம் செய்த பழைய கோவில், வார்ப்பிரும்பில் கறுத்த கூம்பு. ஷோவால், வாலோ இணையரின் பத்தாவது, கடைசி நாவல் 1975 இல் வந்தது. அதில் இந்தத் தேவாலயத்துக்குள் சுவீடன் பிரதமர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டவள் பயங்கரவாதி இல்லை. அரசாங்க அலுவலகங்கள் ஒவ்வொன்றும் கதவடைத்த, விவரம் தெரியாத ஓர் ஏழைப் பெண். நாவல் வந்தபோது, இது நம் நாட்டில் நடக்கக்கூடியதா என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். குளிர்ந்த கல்தரை, அரசர்களின் சவப்பேழைகள், சுவரெல்லாம் கேடயங்கள். ஒரு பள்ளிக் கூட்டம் வரிசையாக வந்தது. ஆசிரியை உதட்டில் விரல் வைத்துக்கொண்டே நடந்தார். எந்த நாட்டுக்குப் போனாலும் நாம் நாமேதான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஸ்வேயா நெடுஞ்சாலை. 1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை இரவு. பிரதமர் ஓலோஃப் பால்மே பாதுகாவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனைவியுடன் சினிமா பார்த்துவிட்டு நடந்து வந்தார். தெருமுனையில் பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். மணி 11.20 ஐத் தாண்டியிருந்தது. சுட்டவன் பக்கத்துச் சந்தின் படிக்கட்டில் ஏறி ஓடிப் போனான். நாவல் வந்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த நாவலாசிரியரும் எழுதத் துணிய மாட்டார். போலீஸ் கயிறு கட்டி அடைத்த இடம் மிகச் சிறியது. இரண்டு தோட்டாக்களையும் கண்டெடுத்தவர்கள் பொதுமக்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நான்தான் சுட்டேன் என்று சொல்லி வந்தார்கள். 1989 இல் ஒருவருக்குத் தண்டனை கிடைத்தது. அதே ஆண்டு மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். 34 ஆண்டுகள் கழித்து, 2020 ஜூனில், சந்தேகத்துக்குரியவர் ஏற்கனவே இறந்துவிட்டார் என்று சொல்லி வழக்கை மூடினார்கள். எதுவும் நீதிமன்றத்தில் நிரூபணம் ஆகவில்லை. மார்ட்டின் பெக்கும் வாலண்டரும் கடைசி அத்தியாயத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட்டோம். நடைபாதையில் ஓர் உலோகப் பலகை பதித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மாலை நேரம். வேலை முடிந்து போகிறவர்கள் அதன் மேலேயே நடந்தார்கள். ஒரு பையன் சைக்கிளை அதன் பக்கத்தில் சாய்த்துவிட்டுச் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மரியா தெருவில் படம் எடுத்த ஜெர்மானியர்கள் மாதிரி இங்கே யாரும் இல்லை. நான் செல்பேசியை எடுத்தேன். எடுக்கவா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு பலகையை மட்டும் ஒரு படம் எடுத்தேன். கொலையாளி ஓடிய படிக்கட்டில் ஏறிப் பார்த்தோம். எண்பதுக்கும் மேற்பட்ட படிகள். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது, மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊர் திரும்பி வகுப்பில் அந்த மாணவியின் கேள்விக்கு மழுப்பிய பிறகு, ஒரு வாரம் கழித்து இரண்டு படங்களை வகுப்புக்குக் கொண்டுபோனேன். தேவாலயத்தின் உட்புறம் ஒன்று, நடைபாதைப் பலகை ஒன்று. "இந்த ரெண்டு இடத்திலயும் ஒரு நாட்டோட பிரதமரைச் சுட்டாங்க. ஒண்ணு கதை, ஒண்ணு நிஜம். எது எது?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் தேவாலயம்தான் நிஜம் என்றார்கள். இவ்வளவு பெரிய இடத்தில் நடந்தால்தான் பிரதமர் கொலை என்று வாதாடினார்கள். நடைபாதையில் வைத்துப் பிரதமரைச் சுட முடியுமா, போலீஸ் எங்கே போச்சு, கார் எங்கே போச்சு என்று ஒரே சத்தம். பதிலைச் சொன்னேன். ஆண்டுகளையும் பலகையில் எழுதினேன். கதை 1975, நிஜம் 1986.

கடைசி வரிசை மாணவி இரண்டு எண்களையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கை தூக்கினாள். "அப்ப அந்தக் கதை எழுதினவங்களுக்கு என்ன தெரிஞ்சிருந்துது டீச்சர்?"

அடுத்த பாடவேளை கணக்கு. கணக்கு சார் வாசலில் வந்து நின்றுகொண்டிருந்தார். நாளைக்குப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவு மகளைக் கூப்பிட்டு இந்தக் கேள்வியைச் சொன்னேன். அதற்கு முன், நான் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள்.